சத்தம் ஏழில்

இரவு பத்துக்கு மேல் இந்தக் கட்டடத்தில்
தண்ணீர்கூடக் குழாய்க்குள் மெல்லத்தான் இறங்கவேண்டும்.
மீறினால் கீழ்வீட்டு ஃபிராவ் எகென்பெர்கர்
தும்புத்தடியால் இரண்டு தட்டுவார்.
கோபத்தில் அல்ல, கடிகாரம்போல.
ஆகவே சத்தம் ஏழு.
ஏழில் வைத்துக்கொண்டு
ஒரு ஸ்பானியக் குடும்பம் சண்டை பிடிப்பதைப் பார்க்கிறோம்.

படத்தைத் தந்தவள் மரிசோல்,
ஓல்ட்டன் முதியோர் இல்லத்தின் சலவைப் பகுதியில்
என்னோடு போர்வை மடிப்பவள்.
இரண்டு மூலை அவளுக்கு, இரண்டு எனக்கு.
கிட்ட வந்து மூலைகளைக் கைமாற்றும்போது சொன்னாள்:
அழுவாய், பரவாயில்லை, அழு.
சொன்னது ஜெர்மனில்.
அது எங்கள் இருவருக்குமே இரவல் என்பதால்
வினைச்சொல் சரியான இடத்தில் நின்றதா என்று
யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

தகப்பன் செத்து, எங்கள் கணக்கில்
அந்தியேட்டி முடிந்திருக்கும்.
மூன்று பிள்ளைகள், ஒரு வீடு.
தாய் தோடம்பழம் வெட்டுகிறாள்,
வெட்டிக்கொண்டே இருக்கிறாள்,
தின்ன ஆளில்லை.
கீழே ஜெர்மன் எழுத்து ஓடுகிறது.
இவர் முதல் வரியை முடிப்பதற்குள்
இரண்டாவது போய்விடுகிறது.
"இப்ப என்னவாம்?"
நான் சொல்லத் தொடங்க
அடுத்தவன் கத்தி முடித்திருப்பான்.
எங்கள் வீட்டில் அந்தக் குடும்பம்
ஒரு வசனம் பிந்தியே கோபப்பட்டது.

மூத்தவள் தம்பியை அறைந்தபோது
பதறிப்போய் ஆறுக்குக் குறைக்கப் பார்த்தார்.
விரல் மாறி எழுத்து அணைந்தது.
தேடினார். "விடுங்கோ," என்றேன்.

அப்போதுதான் கேட்டது.
மேசா, என்று சொல்லி மேசையில் அடித்தாள் மூத்தவள்.
இவர் என்னைப் பார்த்தார்.
அர்மாரியோ. தம்பி அலுமாரியைத் திறந்தான்.
உள்ளே, வரிசையாக, தகப்பனுடையவை:
சபாத்தோஸ்.
"சப்பாத்து!"
விடை தெரிந்த கடைசி வாங்குப் பொடியன்போல இவர்.

பறங்கி எங்கள் கரையில் இறக்கிவிட்டுப்போன சாமான்கள்
அவனுடைய பக்கத்து வீட்டிலும் இருந்திருக்கின்றன.
நானூறு வருஷம் நாங்கள் அதில் சாப்பிட்டு,
அதற்குள் சேலை மடித்து வைத்து,
அதைக் கழற்றி வாசலில் விட்டு
எங்களுடையது என்றே இருந்துவிட்டோம்.
மேசை, அலுமாரி, சப்பாத்து.
மூன்று சொல்லுக்குள்
அந்த வீடு முழுக்க அடங்கியது.
விற்பதா வைப்பதா என்ற பேச்சு மட்டும் வெளியே நின்றது.

பிறகு தம்பி நிலத்தில் இருந்து
வெறும் சப்பாத்துக்கு நாடா கட்டினான்.
பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்குக் கட்டுவதுபோல,
இரட்டை முடிச்சு.
தாயின் கத்தி நின்றது.
வெளியே பாஸல் பக்கம் ஒரு சரக்கு ரயில்
நீளமாகப் போனது.
ரயிலுக்குப் பத்துமணிச் சட்டம் இல்லை.

பெயர்கள் ஏறத் தொடங்கின.
இவர் எழும்பவில்லை.
"கீழ நிலவறைக்குள்ள
வாகீசன்ரை பனிச் சப்பாத்து கிடக்குதெல்லே?"
"கிடக்கு."
ஒன்பது வருஷம். சீட்டுக்காசில் தொடங்கி
சீட்டுக்காசில் முடியாத கதை.
லொசானில் இருக்கிறான், ரயிலில் இரண்டு மணித்தியாலமும் இல்லை.
நடுவில் நாங்கள் வீடு மாறினோம்.
பழைய மெத்தையை எறிந்தோம், தையல் மெஷினைக் கொடுத்தோம்.
அந்தப் பெட்டியை ஏன் ஏற்றினோம் என்று
அவரும் கேட்கவில்லை, நானும்.

"எத்தினையாம் அளவு?"
நாற்பத்திமூன்று. எனக்குத் தெரியும்.
தம்பியின் காலை அவருக்குத் தெரியாதா?
"போய்ப் பாத்தாத்தான்," என்றேன்.

திங்கட்கிழமை மரிசோல் கேட்பாள், அழுதாயா என்று.
இரண்டு மூலையைப் பிடித்துக்கொண்டு
கிட்டப் போவதற்குள் ஏதாவது யோசிக்கவேண்டும்.

ஆணியிலிருந்து திறப்பை எடுத்தார்.
எகென்பெர்கர் எழும்பாதபடி
காலுறையோடு இறங்கினார்.
படிக்கட்டு விளக்கு
மூன்று நிமிடத்தில் தானாக அணைவது.
அணைந்தது.
மறுபடி யாரும் போடவில்லை.